"ஒரு மாசம் எங்ககிட்ட விடுங்க, ஒழுக்கமா திருப்பித் தர்றோம்" என்று சொல்லும் நாய்ப் பயிற்சிப் பண்ணைகள்: தயவுசெய்து படித்துவிட்டு முடிவெடுங்கள்

கோவையிலும் சுற்றுவட்டாரத்திலும் நாய் வளர்ப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், நீளமான பதிவுதான். ஊருக்கு வெளியே ஒரு தென்னந்தோப்பில் நடக்கிற பயிற்சிப் பண்ணையில் 28,000 ரூபாய் கட்டி எங்கள் செம்பியை விட்டோம். போனது துறுதுறுவென்று இருந்த நாய். வந்தது கழுத்தில் புண்ணோடும், காது மடலுக்குள் கொத்துக்கொத்தாக உண்ணியோடும், யாராவது கையை உயர்த்தினாலே இருந்த இடத்தில் சிறுநீர் கழிக்கிற பயத்தோடும். புகார் கொடுத்திருப்பதால் பண்ணையின் பெயரை இங்கே போடவில்லை. ஆனால் அவர்கள் பேசுகிற பேச்சும் செய்கிற வேலையும் ஒரே மாதிரிதான் இருக்கும், பெயர் தெரியாமலே நீங்கள் அடையாளம் கண்டுகொள்ளலாம்.

செம்பி நாட்டு நாய், ஒன்றரை வயது. தெருவில் கிடந்த குட்டியை எடுத்து வளர்த்தோம். இதுவரை யாரையும் கடித்ததில்லை. அவளிடம் இருந்ததெல்லாம் சாதாரணத் தொல்லைகள்தான்: கேட் திறந்தால் ரோட்டுக்குப் பாய்வாள், வாக்கிங்கில் கயிற்றை இழுப்பாள், வீட்டுக்கு வருகிறவர்கள் மேல் முன்னங்காலைத் தூக்கிப் போட்டு நக்குவாள். மாமியாருக்கு மூட்டு ஆபரேஷன் ஆன பிறகுதான் இது கவலையானது. அவர் மேல் ஒருமுறை பாய்ந்தால் போதும், விழுந்துவிடுவார். அதனால் முறையாகப் பழக்கிவிடலாம் என்று விசாரித்தோம்.

அந்தப் பண்ணைக்காரர் வீட்டுக்கு வந்து பேசியதைக் கேட்டால் யாருக்கும் நம்பிக்கை வரும். "உட்காரு, இரு, வா, கூடவே நட, எல்லாம் நூறு சதவீதம் கேரண்டி மேடம், நாட்டு நாய்க்குக் கொஞ்சம் கண்டிப்பு வேணும், அவ்வளவுதான்" என்றார். முன்பணம் முழுவதும் ஜிபேயில் வாங்கிக்கொண்டார். அதற்கப்புறம்தான் ஒரு நிபந்தனை சொன்னார்: பயிற்சி முடிகிற வரைக்கும் பார்க்க வரக்கூடாது, "உங்களைப் பார்த்தா கத்துக்கிட்டதெல்லாம் மறந்துடும்." இதைச் சொல்கிற எந்த இடத்திலும் நாயை விடாதீர்கள். நீங்கள் இருக்கும்போது மறந்துபோகிற பழக்கத்தால் உங்களுக்கு என்ன பிரயோஜனம்? நாய் வாழப்போவது உங்களோடுதானே. மூடிய கேட்டுக்குப் பின்னால் நடக்கிறதை நீங்கள் பார்க்கக்கூடாது என்பதற்காகச் சொல்லும் காரணம் அது, வேறொன்றும் இல்லை.

வாட்ஸ்அப்பில் வீடியோ வரும். செம்பி உட்காருவாள், படுப்பாள், எழுந்து நடப்பாள். எங்களுக்கும் சந்தோஷம். பிறகு எல்லாவற்றையும் வரிசையாகப் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது: முதல் வாரம் அனுப்பிய வீடியோவிலும் கடைசி வாரம் அனுப்பிய வீடியோவிலும் பின்னாலுள்ள கொடியில் அதே நீல லுங்கி, அதே மடிப்பில், பக்கத்தில் அதே சிவப்பு வாளி கவிழ்த்தபடி. ஒரே நாளில் எடுத்துவிட்டுத் துண்டுதுண்டாக அனுப்பியிருக்கிறார்கள். எல்லாவற்றிலும் வால் பின்னங்கால்களுக்கு நடுவே செருகியிருக்கிறது, காது பின்னால் ஒட்டியிருக்கிறது, நாக்கால் மூக்கை நக்கிக்கொண்டே இருக்கிறாள், கண்ணின் வெள்ளை தெரிகிறது. நாய் சொல்பேச்சு கேட்கிறது என்று நாம் நினைக்கிற இந்தத் தோற்றம் உண்மையில் பயம். இனி யாராவது பயிற்சி வீடியோ காட்டினால் நாய் உட்காருகிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள், வாலையும் காதையும் பாருங்கள்.

திருப்பிக் கொடுக்கும்போது ஒரு டெமோ காட்டினார். அவர் கையில் சங்கிலி இருக்கும்வரை செம்பி சிலை மாதிரி இருந்தாள். வீட்டுக்கு வந்ததும் கட்டிலுக்கு அடியில் போனவள் வெளியே வரவே இல்லை. கழுத்தில் கையை வைத்தால் கத்தினாள். முடியை விலக்கிப் பார்த்தோம், கழுத்தைச் சுற்றி வரிசையாகச் சின்னச் சின்னப் புள்ளிகள், சிலது ஆறி, சிலது சீழ் பிடித்து. கால்நடை மருத்துவர் பார்த்தவுடனே சொல்லிவிட்டார், முள் காலர் தடம் என்று. உள்பக்கமாக இரும்புப் பற்கள் இருக்கும், சங்கிலியைச் சுண்டினால் கழுத்துச் சதையில் இறங்கும். ரத்தப் பரிசோதனையில் உண்ணிக் காய்ச்சலும் இருந்தது. எடையும் நன்றாகக் குறைந்திருந்தது.

போன் செய்து கேட்டதற்கு, "காலர் எல்லாம் உலகம் பூரா யூஸ் பண்றதுதான், நீங்க செல்லம் கொடுத்துக் கெடுத்து வச்சிருந்தீங்க, நீங்கதான் தலைவர்னு நாய்க்குக் காட்டணும்" என்றார். பணம் திரும்பக் கிடையாது என்றார். கடைசியில் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

இந்தத் 'தலைவன்' பேச்சை நிறையப் பேர் நம்புகிறார்கள், அதனால் அது எங்கிருந்து வந்தது என்று சொல்லியாக வேண்டும். 1947இல் ருடால்ஃப் ஷென்கெல் என்பவர் அடைத்து வைக்கப்பட்டிருந்த ஓநாய்களைப் பார்த்து, அவை தலைமைக்காக ஓயாமல் போட்டி போடுகின்றன என்று எழுதினார். ஓநாய் ஆராய்ச்சியாளர் டேவிட் மெக் 1970இல் ஓநாய்கள் பற்றி எழுதிய புத்தகத்தால் அந்தக் கருத்து உலகம் முழுக்கப் பரவியது. அதே மெக் பிறகு கனடாவின் எல்ஸ்மியர் தீவில் பல வருடங்கள் கோடைக்காலத்தில் காட்டு ஓநாய்களோடு இருந்து பார்த்தார். கூட்டம் என்பது அம்மா, அப்பா, குட்டிகள் கொண்ட ஒரு குடும்பம்தான், அடித்துப் பிடித்துத் தலைவனாகிற கதை அங்கே இல்லை என்று 1999இல் தானே கட்டுரை எழுதித் திருத்தினார். ஓநாய்க்கே பொருந்தாததை வைத்து நம் வீட்டு நாயின் கழுத்தில் இரும்பை இறக்குகிறார்கள்.

வலி கொடுத்துப் பழக்கினால் என்ன ஆகும் என்பதை மருத்துவர் விளக்கினார். கழுத்தில் குத்துகிற நேரத்தில் நாய் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறதோ, அதோடு வலியை முடிச்சுப் போட்டுக்கொள்ளும். எதிரே சைக்கிளில் வருகிற குழந்தையைப் பார்த்து ஆசையாக இழுக்கிறது, நீங்கள் சங்கிலியைச் சுண்டுகிறீர்கள், சில தடவையில் குழந்தை வந்தால் வலி வரும் என்று முடிவு செய்துவிடும். நேற்று வரை விளையாடப் போன நாய் குழந்தையைப் பார்த்துப் பாய்வது இப்படித்தான். இன்னொன்று, உறுமுவதற்காக நாயை அடிக்கவே கூடாது. உறுமல் என்பது எச்சரிக்கை. அதை அடித்து நிறுத்தினால் பயம் உள்ளேயே இருக்கும், எச்சரிக்கை மட்டும் போய்விடும், அடுத்தது நேராகக் கடிதான். வீட்டில் குழந்தைகளும் வயதானவர்களும் இருப்பவர்களுக்கு இதைவிட ஆபத்து வேறில்லை. அமெரிக்காவில் விலங்கு நடத்தையில் ஆர்வமுள்ள கால்நடை மருத்துவர்களின் சங்கம் 2021இல் வெளியிட்ட நிலைப்பாட்டில், ஆக்ரோஷமான நாய்களுக்குக்கூடப் பரிசு கொடுத்துப் பழக்கும் முறைதான் வேண்டும் என்றது. நம் ஊரில் வீட்டு நாய்க்குப் பயிற்சி கொடுக்க உரிமம் எதுவும் தேவையில்லை. சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

செம்பி இப்போது தேறி வருகிறாள். அந்த மருத்துவர் மூலமாகவே ஒரு பெண் பயிற்சியாளர் கிடைத்தார், வீட்டுக்கே வருவார். முதல் நாள் அவர் கட்டளை எதுவும் சொல்லவில்லை. ஹாலில் தரையில் உட்கார்ந்து, செம்பியைப் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பிக்கொண்டு, பட்டாணி அளவுக்கு நறுக்கிய வேகவைத்த கோழித்துண்டை ஒவ்வொன்றாகக் கட்டில் பக்கம் உருட்டிவிட்டார். முதலில் மூக்கு வெளியே வந்தது, அப்புறம் தலை வந்தது. கிளம்பும்போது அவர் எங்களிடம் சொன்னது, "அக்கா, நான் சொல்லிக் கொடுக்கறது உங்களுக்குத்தான், அவளுக்கு நீங்க சொல்லிக் கொடுங்க" என்று. எதற்குப் பணம் கொடுக்க வேண்டுமோ, அது இதுதான்.

கழுத்துப் பெல்ட்டை எடுத்துவிட்டு நெஞ்சோடு மாட்டும் வார் போட்டோம். கயிறு இறுகினால் நின்றுவிட வேண்டும், தளர்ந்தால்தான் அடுத்த அடி. ஆரம்பத்தில் வீட்டிலிருந்து மாவுக் கடை வரை போய் வருவதற்குள் பொறுமை போய்விடும், ஆனால் இழுத்தால் நகர முடியாது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. காலிங் பெல்லுக்கு, சத்தத்தை மொபைலில் பதிவு செய்து ரொம்பக் குறைவாக வைத்து, ஒவ்வொரு தடவை கேட்டதும் மூலையில் போட்ட சாக்கின் மேல் கோழித்துண்டு. பெல் அடித்தால் சாக்குக்குப் போகலாம் என்று அவளாகவே போக ஆரம்பித்த பிறகுதான் சத்தத்தைக் கூட்டினோம். மாமியார் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே பழக்கினார். நாலு காலும் தரையில் இருந்தால் கையைத் தாழ்த்திக் கொடுப்பார், தாவினால் ஒரு வார்த்தை பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வார். "இரு சாமி" என்று அவர் சொன்னால் இன்றைக்கு செம்பி இருக்கிறாள். ஆம்பிளைகள் யாராவது சட்டென்று கையை ஓங்கினால் மட்டும் இன்னும் ஒடுங்கிப்போகிறாள். அதற்கு நாளாகும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

யாரைப் பயிற்சிக்குக் கூப்பிட்டாலும் முதலிலேயே கேளுங்கள்: நாய் சரியாகச் செய்தால் என்ன கொடுப்பீர்கள், தப்பாகச் செய்தால் என்ன செய்வீர்கள்? இரண்டாவது கேள்விக்கு மழுப்பினால் அதோடு விட்டுவிடுங்கள். பயிற்சி முழுக்க நானும் கூட இருக்கலாமா என்று கேளுங்கள். நூறு சதவீத கேரண்டி என்று சொல்கிறவர் வேண்டவே வேண்டாம், உயிருள்ள ஒன்றின் நடத்தைக்கு யாரும் கேரண்டி தர முடியாது.

சட்டம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960இல் இருந்து இருக்கிறது, 11ஆவது பிரிவில் அடிப்பது, தேவையில்லாத வலி கொடுப்பது எல்லாம் குற்றம். ஆனால் முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான். இதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. இருந்தாலும் காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள், பதிவில் இருக்கட்டும். பணத்துக்கு நுகர்வோர் ஆணையம்தான் வழி. காசு வாங்கிச் செய்த வேலை என்பதால் இது சேவைக் குறைபாடு. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் போன் செய்து தொடங்கலாம், மாவட்ட ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான புகாருக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். ஜிபே ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, அவர்கள் அனுப்பிய வீடியோ எதையும் அழிக்காதீர்கள். நாயை அழைத்துவந்த அன்றைக்கே மருத்துவரிடம் காட்டித் தேதியோடு எழுதி வாங்குங்கள், புண்ணைப் படம் எடுங்கள். தாமதித்தால் வீட்டில் வந்த புண் என்று சொல்லிவிடுவார்கள்.

இந்த மாதிரிப் பண்ணையில் இப்போது உங்கள் நாய் இருந்தால், சொல்லாமல் கொள்ளாமல் இன்றைக்கே நேரில் போங்கள். உள்ளே விட மறுத்தால் அங்கேயே நின்று நாயைக் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள், மீதிப் பணத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். தென்னந்தோப்பு, நீல லுங்கி, சிவப்பு வாளி தெரிகிற வீடியோ உங்களுக்கும் வந்திருந்தால் எனக்குத் தனிச் செய்தி அனுப்புங்கள். ஒரே மாதிரி பாதிக்கப்பட்டவர்கள் நிறையப் பேர் இருந்தால், ஆணையத்தின் அனுமதியோடு சேர்ந்து ஒரே புகாராகக் கொடுக்க முடியும்.