கோல்மேனா, ரெய்ன்ஸா? தளத் திருடர்களில் யாரை எடுப்பது

ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி மூன்று ஊர்களிலும் சேர்த்து எட்டுப் பேர் கணினியில் பேஸ்பால் லீக் ஆடுகிறோம். உண்மையான வீரரின் ஏதாவது ஓர் ஆண்டைத் தேர்ந்தெடுத்தால், அந்த ஆண்டின் கணக்குப்படியே கணினி அவரை ஆடவைக்கும். போன பருவத்தில் நான் வின்ஸ் கோல்மேனின் 1986-ஐ எடுத்தேன். இந்தமுறை அவரை விட்டுவிட்டு, டிம் ரெய்ன்ஸின் அதே 1986-ஐ எடுத்திருக்கிறேன்.

பந்து அடிபடக் காத்திராமல், அது வீசப்படும்போதே அடுத்த தளத்துக்கு ஓடிச் சேர்வதுதான் தளத்தைத் திருடுவது; வழியில் பிடிபட்டால் அவுட். வேகத்தில் கோல்மேன்தான் மேல், அதில் பேச்சுக்கே இடமில்லை. செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்காக 107 தளங்களைத் திருடினார். மான்ட்ரியல் எக்ஸ்போஸின் ரெய்ன்ஸ் திருடியது 70. பிடிபட்டது கோல்மேன் 14 முறை, ரெய்ன்ஸ் 9 முறை. இருவருமே நூற்றுக்கு 88 தடவைக்குமேல் தப்பியவர்கள். ஒரு திருட்டு அணிக்குச் சுமார் 0.2 ஓட்டம் சேர்க்கும், பிடிபட்டால் 0.4 ஓட்டமாவது போகும் என்று வைத்துக் கணக்கிட்டால், திருட்டில் மட்டும் கோல்மேனுக்கு ஐந்தாறு ஓட்டங்கள் கூடுதல்.

ஆனால் முதல் தளத்தை யாராலும் திருட முடியாது. போன பருவம் முழுக்க என்னை வாட்டியது இதுதான். ஆட்டத்தின் முதல் ஆளாக கோல்மேன் வருவார், அவுட் ஆகித் திரும்புவார். அவருடைய கால்கள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும். ஒன்பது இன்னிங்ஸுக்கு நமக்கு இருப்பது 27 அவுட். முதல் ஆளே அதைச் செலவழித்துக்கொண்டிருந்தால் பின்னால் வருபவர்கள் என்ன செய்வார்கள்? அந்த ஆண்டில் கோல்மேனின் பேட்டிங் சராசரி (ஹிட், அதாவது பந்தை அடித்துத் தளம் சேர்ந்த பங்கு) .232, தளமேறும் விகிதம் (அடிக்காமலே கிடைத்த தளங்களையும் சேர்த்த பங்கு) .301, ஹோம் ரன் ஒன்றுகூட இல்லை. ரெய்ன்ஸுக்கு .334, .413, நேஷனல் லீகின் பேட்டிங் பட்டமே அவருக்குத்தான். ஹிட்டையும் நான்கு தவறான பந்துகளுக்குக் கிடைக்கும் இலவச நடையையும் கூட்டினால் ரெய்ன்ஸ் 272, கோல்மேன் 199. திருட்டில் 37 குறைகிறது, தளமேறுவதில் 73 கூடுகிறது. இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்த இரவில்தான் என் முடிவு மாறியது.

தருமபுரி நண்பர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. "அண்ணா, அந்த வருஷம் கோல்மேன் 94 ஓட்டம், ரெய்ன்ஸ் 91தானே?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் தளத்தில் நிற்பவனை வீடு சேர்ப்பது பின்னால் ஆடுபவனின் மட்டை. அந்த மட்டைகளை எங்கள் லீகில் நானே தேர்ந்தெடுக்கிறேன்.

ரிக்கி ஹென்டர்சனின் 1982-ஐ எதிரணியில்தான் பார்த்திருக்கிறேன். சொந்த அனுபவம் இல்லாததால் அடித்துச் சொல்ல மாட்டேன். 130 திருட்டு இன்றுவரை நவீன பேஸ்பாலின் சாதனை, தளமேறும் விகிதமும் .398. ஆனால் 42 முறை பிடிபட்டிருக்கிறார். அத்தனை அவுட்டைத் தாங்கும் நெஞ்சு எனக்கு இல்லை.

மாற்று ஓட்டக்காரராக மட்டும் இறக்க எங்கள் விதி இடம் கொடுத்தால், எட்டாவது இன்னிங்ஸுக்குக் கோல்மேனைவிட நல்ல ஆள் கிடையாது. அவரை மறுபடியும் எடுப்பேன். அதுவரை ரெய்ன்ஸ்தான் முதல் ஆள். அவர் இரண்டாவது தளத்தைத் திருடும்வரை பொறுமையாகப் பந்தை விட்டுக்கொடுத்து நிற்கிற ஒரு பேட்ஸ்மேனை இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன்.