இறகு முளைக்காத குஞ்சு: வீட்டுக்குள் பெட்டியா, கூண்டுக்குள் கம்பித் தடுப்பா?

கூடப் பிறந்த கோழிக்குஞ்சுகளுக்கெல்லாம் இறகு வந்துவிட்டது. ஒன்று மட்டும் தோல் தெரிய நின்றது. வீட்டுக்குள் பெட்டியில் தனியாக வைக்கலாம், அல்லது கூண்டின் ஒரு மூலையைக் கம்பி வலையால் தடுத்து அங்கேயே வளர்க்கலாம். நான் கம்பித் தடுப்பைத்தான் தேர்ந்தெடுத்தேன்.

குஞ்சை எங்கே வைத்தாலும் சூடும் தீவனமும் ஒன்றுதான். முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ் அளவில் தொடங்கி, வாரத்துக்கு 3 டிகிரி குறைத்துக்கொண்டே வருவது வழக்கமான கணக்கு. இறகில்லாததற்கு இந்தக் கணக்கை நம்பாமல் குஞ்சையே பாருங்கள். சூட்டு பல்புக்கடியில் ஒடுங்கிக் கத்தினால் குளிர். வாயைத் திறந்து மூச்சிரைத்தால் சூடு அதிகம். இறகு பெரும்பாலும் புரதம்தான் என்பதால், 20 சதவீதம் புரதமுள்ள குஞ்சுத் தீவனம் தேவை.

பெட்டியின் நன்மை தெரிந்ததுதான்: காற்று அடிக்காது, ராத்திரியிலும் கண் வைக்கலாம். தோலில் ரத்தக் காயம் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், ஆறும்வரை பெட்டிதான்.

ஆனால் அந்தக் குஞ்சு ஒருநாள் கூட்டத்துக்குத் திரும்பியாக வேண்டுமே! என் முடிவு முழுக்க இதை வைத்துத்தான். கோழிகளுக்குள் யார் முன்னே, யார் பின்னே என்ற வரிசை உண்டு. சில வாரம் கண்ணில் படாத கோழியைப் புதிதாக வந்ததாகவே நினைத்துக் கொத்தும். முளைத்து வரும் இறகுக் குருத்துக்குள் ரத்தம் ஓடும். ஒரு கொத்தில் அது உடைந்து ரத்தம் வந்தால், அந்தச் சிவப்பைப் பார்த்து மற்றவையும் அதே இடத்தைக் கொத்த வரும். பெட்டியில் வளர்ந்த குஞ்சு, குருத்து விடும் நேரத்தில் போய் இந்தக் கூட்டத்தைச் சந்திக்க வேண்டியிருக்கும். கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்தே தினமும் பார்த்துப் பழகினால் இந்தப் பகை பெரிதும் தணிந்துவிடும். வலையின் இரு பக்கமும் தீவனத் தட்டை ஒட்டி வையுங்கள், எதிரெதிரே நின்று தின்னட்டும். வலையின் கண்ணி அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம், தலை நுழையக் கூடாது. சாதுவான ஒரு குஞ்சைத் துணைக்கு உள்ளே விட்டால் இன்னும் நல்லது. அப்புறம் தடுப்பைத் திறக்கும்போது தட்டும் தண்ணீரும் இரண்டிரண்டு இடத்தில் இருக்கட்டும், ஓடி ஒளிய ஒரு மறைவும் வேண்டும்.

கம்பித் தடுப்பின் பெரிய குறை நெருப்புப் பயம். உமி, மரத்தூள் மேல் சூட்டு பல்பு விழுந்தால் கூண்டே எரிந்துவிடும். கொக்கியை மட்டும் நம்பாமல் இரண்டு இடத்தில் சங்கிலியால் கட்டுங்கள். பல்புக்குப் பதில் சூட்டுத் தட்டு (குஞ்சு அடியில் ஒதுங்கிச் சூடு காயும் மின்தட்டு) கிடைத்தால் அதுவே மேல். வெயிலில் வெறும் தோல் வெந்துபோகும், அதனால் நிழலும் வேண்டும்.

என் அனுபவம், இறகு தாமதமாக முளைத்த குஞ்சோடு மட்டும்தான். பிறவியிலேயே இறகு வராதவையும் உண்டு. அவற்றுக்குத் தடுப்பு நிரந்தரமாகவே தேவைப்படலாம் என்று நினைக்கிறேன். கூண்டில் குளிர்காற்று புகுந்தால் ராத்திரிக்குப் பெட்டி, விடிந்ததும் கம்பிக்குப் பின்னால் என்று மாற்றி மாற்றி வைத்தாலும் சரி, பகலில் கூட்டத்தின் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.