சனிக்கிழமை மெகா தடுப்பூசி முகாம்: ஊசிக்கு முழு மதிப்பெண், அறிவிப்புக்குப் பாதி

2021 அக்டோபர் 23 அன்று எங்கள் ஊராட்சிப் பள்ளியில் நடந்த கொரோனா தடுப்பூசி முகாம் பற்றி. எனக்கு இரண்டாவது டோஸ், பெரியம்மாவுக்கு முதல் டோஸ். செப்டம்பர் 12-ல் முதல் மெகா முகாம் தமிழ்நாடு முழுக்க 40,000 இடங்களில் நடந்து 28 லட்சம் பேருக்கு மேல் போட்ட நாளில்கூட வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டவர் பெரியம்மா.

ஞாயிறு நடந்துகொண்டிருந்ததை இந்த முறை சனிக்கு மாற்றியிருந்தார்கள். கறி தின்றால், குடித்தால் ஊசி போடக்கூடாது என்றொரு பேச்சு ஊருக்குள் ஓடுகிறது, அதனால் ஞாயிறு வரத் தயங்குகிறார்கள் என்று அப்போது சுகாதார அமைச்சராக இருந்த மா. சுப்பிரமணியனே காரணம் சொன்னார். சிரிப்பு வந்தாலும் நல்ல மாற்றம். எங்கள் தெருவில் பலர் தள்ளிப்போட்டது உயிர்பயத்தால் இல்லை, மறுநாள் காய்ச்சல் வந்தால் ஒருநாள் கூலி போய்விடும் என்பதால்தான். சனிக்கிழமை போட்டுக்கொண்டால் ஞாயிறு படுத்துக்கொள்ளலாம்.

பெரியம்மாவின் பயம் வேறு. நடிகர் விவேக் ஏப்ரல் 15 அன்று ஓமந்தூரார் மருத்துவமனையில் எல்லோரும் பார்க்க ஊசி போட்டுக்கொண்டார், மறுநாள் மாரடைப்பு, 17-ம் தேதி காலை இறந்துவிட்டார். இதயத்தின் முக்கிய ரத்தக்குழாயில் முழு அடைப்பு என்று டாக்டர்கள் அன்றே சொன்னார்கள், ஊசிக்கும் சாவுக்கும் தொடர்பில்லை என்று மத்தியக் குழுவின் முடிவும் அந்த அக்டோபரில் வந்துவிட்டது. ஆனால் ஊசியால்தான் செத்தார் என்ற பேச்சு இடையில் ஆறு மாதம் வாட்ஸ்அப்பில் ஓடிவிட்டதே, அதை யார் திருப்பி எடுப்பது?

படிக்காத சனங்கள்தான் பயப்படுகிறார்கள் என்று பேசுவதையும் நான் ஏற்கமாட்டேன். இந்தியாவிலேயே உருவாக்கிய கோவாக்சின் ஊசிக்கு ஜனவரி 3 அன்று அனுமதி கொடுத்தபோது மூன்றாம் கட்டப் பரிசோதனை முடிவு வந்திருக்கவில்லை, அப்போது டாக்டர்களிலேயே பலர் யோசித்தார்கள். முழு விவரம் ஜூலையில் வந்தது, 77.8 சதவீதப் பலன் என்று. அதுவரை கேள்வி கேட்டவர்களை முட்டாள் என்று திட்டியதால் யாராவது போய் ஊசி போட்டுக்கொண்டார்களா என்ன?

சரி, முகாமுக்கு வருவோம். நர்ஸம்மாவிடம் பெரியம்மா, "சுகருக்கு மாத்திரை சாப்பிடுறேன், அந்த நடிகரே போயிட்டாரேம்மா" என்று ஆரம்பித்தார். அவர் கோபப்படவில்லை. "சுகர் இருக்கறவங்கதான் முதல்ல போட்டுக்கணும் பாட்டி. காய்ச்சல் வரும், கை வலிக்கும், எனக்கும் ரெண்டு நாள் அடிச்சுப் போட்டுச்சு, அதுக்கு மாத்திரை தர்றேன்" என்றார். அவ்வளவுதான், பெரியம்மா கையை நீட்டிவிட்டார். என் முதல் டோஸை ஜூலையில் ஒரு தனியார் மருத்துவமனையில் 780 ரூபாய் கொடுத்துப் போட்டேன், ஏசி இருந்தது, காய்ச்சல் வரும் என்று சொல்ல ஒரு ஆள் இல்லை.

குறைகளும் உண்டு. ஒரு கோவிஷீல்டு குப்பியில் 10 பேருக்கு மருந்து, திறந்தால் 4 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், அதனால் ஆள் சேரும்வரை உட்காரவைத்தார்கள். நியாயம்தான், ஆனால் அதை யாரும் விளக்காததால் கோபப்பட்டு எழுந்துபோனவர்களைப் பார்த்தேன். போன் இல்லாத கிழவிகளுக்கு ஓடிபி வாங்கப் பக்கத்து வீட்டுப் பையனைத் தேட வேண்டியிருந்தது. ஊசி போட்டபின் அரைமணி நேரம் இருக்கச் சொன்ன இடத்தில் இருந்ததெல்லாம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சுதான், முட்டி வலிக்காரர்கள் என்ன செய்திருப்பார்கள்?

எல்லாவற்றையும்விட எரிச்சல், ஆட்டோவில் கட்டிய மைக். "பாதுகாப்பானது, அச்சம் வேண்டாம்" என்பதையே காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்தது. காய்ச்சல் வரலாம், மாத்திரை இலவசம், சுகர் பிரஷர்காரர்களும் போடலாம் என்று நர்ஸம்மா சொன்னதை அப்படியே பதிவுசெய்து ஓடவிட்டிருக்கலாம்.

அன்று போனவர்களுக்கு நல்லது, சாப்பிட்டுவிட்டு, ஆதாரும் போனும் எடுத்துக்கொண்டு காலையிலேயே போவதுதான். சான்றிதழில் பெயர் சரியாக ஏறியிருக்கிறதா என்று அங்கேயே பார்த்திருக்க வேண்டும், பெரியம்மாவுக்கு இரண்டு எழுத்து மாறிவிட்டது.