சிந்த்வேவ் கேட்க பேண்ட்கேம்ப்: நாகர்கோவிலில் இருந்து வாங்குகிறவர்களுக்கு

சிந்த்வேவ் ஆல்பங்களின் அட்டை பெரும்பாலும் ஒரே ஜாடைதான். ஊதா வானம், கம்பிவலை போல் ஓடும் தரை, நடுவில் குறுக்குக் கோடுகளாக வெட்டுப்பட்ட ஆரஞ்சு சூரியன். மேகம் பட்டை பட்டையாக நிற்கும் மாலையில் முட்டம் கடற்கரையில் நின்றவர்களுக்கு அந்தச் சூரியன் புதிதல்ல. இசையும் புதிதல்ல. 1986இல் 'விக்ரம்', 'புன்னகை மன்னன்' படங்களுக்கு இளையராஜா கம்ப்யூட்டரும் சிந்தசைசரும் வைத்துச் செய்ததைக் கேசட் தேயத் தேயக் கேட்ட காதுகள் நம்முடையவை. அந்தக் காலத்துச் சினிமாப் பின்னணி இசையின் சாயலில், பெரிய கம்பெனி எதுவும் பின்னால் இல்லாமல், வீட்டு அறையில் தனி ஆளாக இருந்து புதிதாகச் செய்வதுதான் சிந்த்வேவ்.

இந்த இசையைச் செய்பவர்களில் பலர் பாட்டை நேரடியாக விற்கும் இடம் பேண்ட்கேம்ப். 2008இல் தொடங்கிய அமெரிக்கத் தளம். டிஜிட்டல் ஆல்பம் விற்றால் 15 சதவீதமும் பணப் பரிமாற்றக் கட்டணமும் போக மிச்சம் கலைஞருக்கு. 2020இல் தொடங்கிய 'பேண்ட்கேம்ப் வெள்ளி' நாள்களில் தளம் தன் பங்கையும் எடுப்பதில்லை. வாங்க நினைப்பவர்கள் அந்த நாளுக்குக் காத்திருக்கலாம். முழுப் பாட்டையும் கேட்டுப் பார்த்துவிட்டே வாங்கலாம் என்பது பெரிய வசதி.

ஸ்ட்ரீமிங்கில் கேட்டால் போதாதா? இந்த இசைக்குப் போதாது என்பதே எங்கள் கணிப்பு. இதன் உயிர் மெட்டில் பாதிதான், மீதி ஓசையின் தோலில் இருக்கிறது. 1984இல் வந்த ரோலண்ட் ஜூனோ-106 சிந்தசைசரை எடுத்துக்கொள்ளுங்கள். அழுத்தும் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒலியைப் பிறப்பிக்கும் ஆசிலேட்டர் ஒன்றே ஒன்றுதான். அந்த மெலிந்த ஒலியைத் தடிக்க வைப்பது அதிலுள்ள கோரஸ் என்னும் எஃபெக்ட். ஒலியை லேசாகத் தாமதப்படுத்தி, இடமும் வலமும் எதிரெதிராக அசைத்து, அறை முழுக்க விரிக்கும். கூடவே மெல்லிய ஒரு 'உஸ்' இரைச்சலும் வரும். போனின் ஒற்றை ஸ்பீக்கரில் இடமும் வலமும் ஒன்றாகச் சேர்ந்ததும் அந்த விரிவு அப்படியே சுருங்கிப் போகும். டேட்டா மிச்சம் பிடிக்க ஒலியை அதிகம் சுருக்கிய குறைந்த பிட்ரேட் ஸ்ட்ரீமில் அந்த 'உஸ்' தண்ணீரில் நனைந்த மாதிரி குழறும்.

ஸ்நேர் டிரம்மின் அடியையும் கவனியுங்கள். பெரிய மண்டபத்தில் அடித்ததுபோல் முழங்கி, முழக்கம் அடங்கும் முன்பே கத்தியால் வெட்டியதுபோல் நின்றுவிடும். கேட்டட் ரிவெர்ப் என்பது அதுதான். அடியில் ஓடும் கிக் டிரம் ஒவ்வொரு முறை விழும்போதும் பின்னாலுள்ள நீண்ட ஸ்வரம் ஒரு நொடித்துளி அமுங்கி மேலே வரும், பாட்டு மூச்சுவிடுவதுபோல். போனில் சத்தத்தைச் சமப்படுத்தும் செட்டிங்கோ பேஸ் பூஸ்ட்டோ போட்டிருந்தால் இந்த மூச்சு கெட்டு, எல்லாம் ஒரே மட்டத்தில் கிடந்து முழங்கும். இரண்டையும் அணைத்துவிட்டு, வயர் உள்ள ஹெட்போனில் கேளுங்கள்.

பணம் கட்டுவதில்தான் முதல் தடங்கல். யுபிஐ கிடையாது. விசா, மாஸ்டர்கார்டு அல்லது பேபால் வேண்டும். ரிசர்வ் வங்கி விதிப்படி 2020 அக்டோபரிலிருந்து புதிய கார்டுகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்து வருகின்றன. வங்கி ஆப்பில் வெளிநாட்டு ஆன்லைன் பரிவர்த்தனையை நாமே இயக்க வேண்டும். கார்டு மறுக்கப்பட்டால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். வாங்கி முடித்ததும் திரும்ப அணைத்துவிடுங்கள். வங்கி 3.5 சதவீத மாற்றுக் கட்டணமும் அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் எடுத்தால் மொத்தம் 4.13 சதவீதம், அதாவது 8 டாலர் ஆல்பத்துக்கு 33 சென்ட். அது பெரிய தொகையல்ல.

வாங்கியதும் ஃபிளாக்கில் இறக்குங்கள், ஒலித்தரம் குறையாமல் சுருக்கும் கோப்பு வகை அது. 40 நிமிட ஆல்பம் 250 முதல் 300 எம்பி வரும்; அதுவே 320 கேபிபிஎஸ் எம்பி3யில் 96 எம்பி. பேண்ட்கேம்ப் ஆப்பில் 'டவுன்லோட்' செய்தால் ஆப்புக்குள் மட்டும்தான் பாடும், கோப்பு கைக்கு வராது. கோப்பு வேண்டுமானால் பிரவுசரில் நுழைந்து இறக்க வேண்டும். இறக்கியதை இன்னொரு டிரைவிலும் போட்டு வையுங்கள். தளம் 2022இல் எபிக் கேம்ஸுக்கும், 2023இல் சாங்ட்ரேடருக்கும் கைமாறியிருக்கிறது. நம் பாட்டு நம்மிடம் இருப்பது நல்லது.

நாகர்கோவிலிலிருந்து இரவில் ஆரல்வாய்மொழிப் பக்கம் போகிறவர்கள் காரில் இதைக் கேட்டே ஆக வேண்டும். இருட்டில் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள் மினுங்க, பேஸ் வரி ஓடும்போது சாலையே படமாகிவிடும். ஆனால் பழைய கார் ஸ்டீரியோ பலதும் ஃபிளாக் படிக்காது. 64 ஜிபி பென் டிரைவ் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் என்னும் புதிய ஃபார்மேட்டில் வருவதால் அதையும் திறக்காது. 32 ஜிபி டிரைவை ஃபேட்32ஆக ஃபார்மேட் செய்து எம்பி3 போட்டால் பாடும். ஒன்றோடொன்று ஒட்டி ஓடும் பாட்டுகளுக்கு நடுவே சில ஸ்டீரியோக்கள் ஒரு நொடி இடைவெளி விடும், அதற்கு வழியில்லை.

கேசட்டாகவும் விற்கிறார்கள். பிரதிகள் குறைவு, தபால் செலவே பல நேரம் விலையைத் தாண்டும், சுங்க வரியும் வரலாம். வீட்டிலுள்ள கேசட் டெக் நன்றாக இருந்தால் மட்டும் வாங்குங்கள். பழைய டெக்கில் ரப்பர் பெல்ட் உருகிக் கறுப்புப் பசையாகப் புல்லியில் ஒட்டியிருக்கும். டேப்பை அழுத்தி நகர்த்தும் ரப்பர் உருளையான பிஞ்ச் ரோலர் இறுகி வழவழவென்று ஆகியிருந்தால் டேப் உள்ளே சிக்கும். வேகம் தடுமாறினால் இந்த இசையின் நீண்ட ஸ்வரங்கள்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். இடவப்பாதி மழையில் ஈரம் ஏறி டேப் சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை பிடிக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். பூஞ்சை பிடித்த கேசட்டை டெக்கில் போடாதீர்கள், ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும்.

சிந்தசைசரில் ஏற்கெனவே அமைத்து வரும் ஒலியான பிரீசெட்டை ஒரே மாதிரி தட்டிவிட்டு, சூரியன் அட்டை போட்டு விற்பவர்களும் நிறைய. ஆல்பக் குறிப்பில் எந்தக் கருவி, யார் மிக்ஸ் செய்தார்கள் என்று எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். கனவு போன்ற மென்மை பிடிக்குமென்றால் நெதர்லாந்தின் டைம்காப்1983. பழைய டிவி விளம்பரத்தின் துள்ளலுக்கு ஸ்வீடனின் மிட்ச் மர்டர். இருண்ட, முரட்டு ஒலிக்கு பிரான்ஸின் பெர்டர்பேட்டர். இவரை மட்டும் வால்யூமைக் குறைத்து வைத்துத் தொடங்குங்கள்.