லேசிக், பிஆர்கே, ஸ்மைல்: திருகோணமலையிலிருந்து போகிறவருக்கு எது தோது?

கண்ணாடி இல்லாமல் பார்க்க, கண்ணின் முன்பக்கத் தெளிந்த படலமான கோர்னியாவை லேசரால் சீவித் திருத்தும் மூன்று சத்திரசிகிச்சைகள் இவை. மைனஸ் 6 பவர், கோர்னியாத் தடிப்பு 500 மைக்ரோன் (அரை மில்லிமீற்றர்) உள்ள ஒரு கண்ணை எடுத்துக்கொள்வோம். 6.5 மில்லிமீற்றர் அகலத்துக்கு லேசர் பிடித்தால், ஒரு பவருக்கு ஏறத்தாழ 14 மைக்ரோன் சீவுப்படும். ஆறுக்கு 84. லேசிக்கில் அதற்கு முன் 110 மைக்ரோன் தடிப்பில் ஒரு மூடி வெட்டித் திறக்கிறார்கள். ஆக அடியில் மிஞ்சுவது 306. பிஆர்கேயில் மூடியே கிடையாது; மேல்தோல் 50 மைக்ரோனை மட்டும் வழித்தெடுப்பதால் மிஞ்சுவது 366. அந்தத் தோலும் சில நாளில் திரும்ப வளர்ந்துவிடும்.

குறைந்தது 250 மிஞ்ச வேண்டும் என்பது பழைய கணக்கு. கவனமான வைத்தியர்கள் 300க்குக் கீழே இறங்க விரும்புவதில்லை. இதே கண் மைனஸ் 8 ஆக இருந்தால் லேசிக்கில் 278தான் மிஞ்சும். அடி மெலிந்தால் கோர்னியா மெல்ல முன்னே பிதுங்கும். அப்போது வரும் கலங்கலைக் கண்ணாடி போட்டாலும் முழுதாகத் திருத்த முடியாது. அதனால் விலையைக் கேட்குமுன் தடிப்பையும், கோர்னியாவின் வளைவைக் காட்டும் டொபோகிராபி வரைபடத்தையும் கேளுங்கள். கூம்பு வடிவம் தென்பட்டால் எவ்வளவு தடிப்பிருந்தும் லேசிக் வேண்டாம். கண்ணைக் கசக்கும் பழக்கம் இருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

லேசிக்கின் கவர்ச்சி அதன் வேகம். மறுநாளே பஸ் போர்டை வாசிக்கலாம். ஆனால் 6/6, அதாவது இயல்பான பார்வை, என்று எழுதிக் கொடுப்பது மட்டும் பெறுபேறு ஆகாது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, லேசிக் செய்தவர்களிடம் நடத்திய ப்ரௌல் ஆய்வுகளில் 95 வீதத்துக்கும் மேலானோர் பார்வையில் திருப்தி என்றார்கள். அதே ஆய்வுகளில், முன்பு எந்தப் பார்வைத் தொந்தரவும் இல்லாதவர்களில் 46 வீதம் வரையானோருக்கு மூன்றாம் மாதத்தில் புதிதாக ஏதோ ஒன்று இருந்தது: ஒளிவளையம், நட்சத்திரச் சிதறல், இரட்டை உருவம். கண் உலர்வே இல்லாதிருந்தவர்களில் 28 வீதம் வரையானோருக்கு உலர்வு வந்தது. இரண்டும் உண்மைதான். இரவில் ஹபரணையிலிருந்து கந்தளாய் வழியாக வாகனம் ஓட்டி வருகிறவருக்கு எதிர் லைட்டைச் சுற்றிய வளையம் சின்ன விஷயமில்லை.

உலர்வுக்குக் காரணம், மூடி வெட்டும்போது கோர்னியா நரம்புகளும் சேர்ந்து அறுபடுவது. அவை தேற மாதங்கள் எடுக்கும். கச்சான் வீசும் காலத்தில், அதுவும் மின்விசிறிக்கு நேரே இருந்து வேலை செய்கிறவருக்கு, கெடாமல் காக்கும் இரசாயனம் (preservative) கலக்காத கண்ணீர்த்துளி மருந்து சட்டைப்பையிலேயே இருக்க வேண்டும்.

மூடி இன்னொரு வம்பும் தரும். முதல் இரவு தூக்கத்தில் கண்ணைக் கசக்கினால் அதில் சுருக்கம் விழும். தாமதிக்காமல் வைத்தியர் அதைத் தூக்கி நீவிவிட வேண்டும். கொழும்பில் செய்துவிட்டு அன்றிரவே ரெயில் ஏறுவது இதனால்தான் புத்தியில்லை. மறுநாள் பரிசோதனை முடியும்வரை அங்கேயே தங்கி, படுக்கும்போது கண்மூடிக் கவசம் போடுங்கள். பலத்த அடி பட்டால் வருடங்கள் கழித்தும் மூடி விலகலாம். படகில் வேலை செய்கிறவர், கராத்தே பழகுகிறவர் ஆகியோருக்கு எங்கள் தெரிவு பிஆர்கே.

அதற்கு விலை வலி. முதல் மூன்று நாள் மணல் அள்ளிக் கொட்டியது போல எரியும், வெளிச்சம் கூசும். புண்ணுக்குக் கட்டுப் போல வைக்கும் காண்டாக்ட் லென்ஸை நாலைந்து நாளில், தோல் மூடிய பிறகு, வைத்தியரே எடுப்பார். ஒன்றிரண்டு கிழமையில் வேலைக்குப் போகலாம். பார்வை நிலைக்க ஒன்று முதல் மூன்று மாதம். ஸ்டெராய்டு துளியைச் சொன்னபடி படிப்படியாகக் குறைக்க வேண்டும், இடையில் கண் அழுத்தமும் பார்க்க வேண்டும். வெயிலின் புற ஊதாக் கதிர் கோர்னியாவில் பனிப்புகார் போன்ற மங்கலை உண்டாக்கலாம். நிலாவெளி மணலும் கடலும் வெளிச்சத்தைத் திருப்பித் தெறிக்கும் என்பதால், மாரி மழைக்காலத்தில் செய்துகொள்வது வசதி. கறுப்புக் கண்ணாடி எப்போதும் வேண்டும்.

ஸ்மைலில், லேசர் உள்ளே வெட்டிய மெல்லிய திசுவை வெளியே எடுக்க 2 முதல் 4 மில்லிமீற்றர் கீறல்தான். மூடி இல்லை, உலர்வும் குறைவு. பார்வை லேசிக்கை விடச் சற்றுப் பிந்தித் தெளியும். மிச்சப் பவரைத் திருத்த வேண்டி வந்தால் பெரும்பாலும் பிஆர்கேதான் செய்வார்கள். மைனஸ் 10ஐத் தாண்டியவருக்கும் கோர்னியா மெலிந்தவருக்கும் கண்ணுக்குள் வைக்கும் ஐசிஎல் லென்ஸ் உண்டு. வேண்டாமென்றால் எடுக்கலாம், ஆனால் வருடாந்தப் பரிசோதனையை ஆயுளுக்கும் விட முடியாது.

எதைச் செய்தாலும் பவர் ஒரு வருடம் மாறாமல் இருந்திருக்க வேண்டும். மென் லென்ஸ் போடுகிறவர் அளவெடுக்க இரண்டு கிழமைக்கு முன்பே நிறுத்த வேண்டும்.

நாற்பத்தைந்து வயது, மைனஸ் 2 என்றால் இன்னொன்று. இப்போது கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஊசியில் நூல் கோக்கிறீர்கள் அல்லவா, லேசர் செய்தபின் அதற்கே கண்ணாடி தேட வேண்டிவரும். ஒரு கண்ணைக் கிட்டப் பார்வைக்கு விடலாமா என்று வைத்தியர் கேட்டால், முதலில் ஒரு கிழமை காண்டாக்ட் லென்ஸில் அப்படிப் பார்த்துப் பழகிவிட்டுப் பதில் சொல்லுங்கள்.