ஷபிரோவை எடுத்திருந்தால் கமலா ஜெயித்திருப்பாரா?

2024 தேர்தல் முடிந்து இவ்வளவு நாளாகியும், அமெரிக்க அரசியல் பற்றிப் பேச்சு வந்தாலே யாராவது ஒருவர் இந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார். கமலா ஹாரிஸ் மின்னசோட்டா கவர்னர் டிம் வால்ஸை விட்டுவிட்டு பென்சில்வேனியா கவர்னர் ஜாஷ் ஷபிரோவைத் துணை அதிபர் வேட்பாளராக எடுத்திருந்தால் பென்சில்வேனியா கைக்கு வந்திருக்கும், கதையே மாறியிருக்கும் என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஷபிரோ 2022இல் அந்த மாநிலத்தில் கிட்டத்தட்ட 15 சதவீத வித்தியாசத்தில் ஜெயித்தவர். கமலா அங்கே தோற்றது 2 சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில்.

ஆனால் இதற்குள் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. துணை வேட்பாளர் என்பவர் தன் மாநிலத்தை மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு வருவார் என்ற நம்பிக்கை. அது எவ்வளவு தூரம் உண்மை என்று பழைய தேர்தல்களை ஜோடி ஜோடியாகப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், விஷயம் வேறு பக்கம் போகிறது.

முதல் ஜோடி 1960, 1988. ஒரே மாவில் சுட்ட இரண்டு தோசைகள். இரண்டிலும் ஜனநாயகக் கட்சி, அதிபர் வேட்பாளர் மாசசூசெட்ஸ்காரர், துணைக்கு ஒரு டெக்சாஸ் செனட்டர். 1960இல் ஜான் கென்னடியும் லிண்டன் ஜான்சனும், 1988இல் மைக்கேல் டுகாகிஸும் லாயிட் பென்ட்சனும். முதல் ஜோடி வெள்ளை மாளிகைக்குப் போனது, இரண்டாவது ஜோடி எலக்டோரல் ஓட்டில் (மாநிலவாரியாக ஒதுக்கப்பட்ட, அதிபரைத் தீர்மானிக்கும் ஓட்டு) 426க்கு 111 என்று மண்ணைக் கவ்வியது.

1960 கதையில் நாடகம் அதிகம். கென்னடிக்கு 43 வயது, கத்தோலிக்கர், வடக்கத்தியப் பணக்கார வீட்டுப் பிள்ளை. தெற்கில் இந்த மூன்றுமே சந்தேகத்துக்குரிய தகுதிகள். டெக்சாஸை ஐசன்ஹோவர் 1952, 1956 என இரண்டு முறையும் குடியரசுக் கட்சிக்கு எடுத்துப் போயிருந்தார். ஜான்சனோ செனட் பெரும்பான்மைத் தலைவர், தெற்கத்தியப் பெருந்தலைகளோடு தோளில் கைபோட்டுப் பேசக்கூடியவர். கென்னடியின் தம்பி ராபர்ட்டுக்கே இந்தத் தேர்வு பிடிக்கவில்லை, லாஸ் ஏஞ்சலஸ் மாநாட்டின்போது ஜான்சனின் ஹோட்டல் அறைக்கே போய் விலகிக்கொள்ளும்படி பேசிப் பார்த்தார். மனுஷர் அசையவில்லை.

தேர்தலுக்கு நான்கு நாள் முன்பு, நவம்பர் 4, டல்லாஸ். ஜான்சனும் மனைவி லேடி பேர்டும் தெருவைக் கடந்து அடால்ஃபஸ் ஹோட்டலுக்குள் போக வேண்டும், அவ்வளவுதான். உள்ளே காத்திருந்தது வசதியான வீட்டுப் பெண்கள் நிறைந்த ஒரு கூட்டம், விலை உயர்ந்த மிங்க் கோட்டு போட்டுக்கொண்டு, ஜான்சன் வடக்கத்தியர்களிடம் விலை போய்விட்டார் என்று கூச்சல் போட்டபடி. துப்பினார்கள், தள்ளினார்கள். ஓரிரு நிமிடத்தில் கடக்க வேண்டிய லாபியைக் கடக்க சுமார் அரை மணி நேரம் ஆனது. ஜான்சன் போலீசை ஒதுங்கச் சொல்லிவிட்டு மெதுவாக, ரொம்ப மெதுவாக நடந்தார் என்கிறார்கள். கேமராக்கள் ஓடிக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? ஒரு தெற்கத்தியப் பெண்மணியை இப்படி நடத்தினார்களே என்று அதுவரை ஒதுங்கியிருந்த தெற்கத்தியத் தலைவர்களுக்கே கோபம் வந்தது.

டெக்சாஸில் கென்னடி ஜெயித்தது சுமார் 46,000 ஓட்டில். 24 எலக்டோரல் ஓட்டு.

இங்கேதான் பெரும்பாலானோர் கதையை முடித்துவிடுவார்கள். நான் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கென்னடிக்குக் கிடைத்த மொத்தம் 303, அன்றைக்குத் தேவை 269. டெக்சாஸைக் கழித்தாலும் 279 மிஞ்சுகிறது. அதாவது ஜான்சன் டெக்சாஸை மட்டும் கொடுத்தார் என்றால் அது வெற்றியைத் தீர்மானிக்கவே இல்லை. டெக்சாஸோடு வட கரோலினாவின் 14உம் போயிருந்தால்தான் 265 ஆகி, யாருக்கும் பெரும்பான்மை இல்லாமல் விவகாரம் பிரதிநிதிகள் சபைக்குப் போயிருக்கும். ஆக ஜான்சனின் உண்மையான உபயோகம் ஒரு மாநிலம் அல்ல, இந்த வடக்கத்திய கத்தோலிக்கப் பையனை நம்பலாமா என்று தெற்கு முழுக்க இருந்த தயக்கத்தைக் குறைத்தது. ரயில் பிடித்துத் தெற்கு முழுக்கச் சுற்றினார் அவர், சொந்த ஊரோடு நிற்கவில்லை.

எதிர்ப்பக்கம் நிக்சன் எடுத்தது ஹென்றி கேபட் லாட்ஜை. அவரும் மாசசூசெட்ஸ், 1952இல் கென்னடியிடமே செனட் பதவியைத் தோற்றவர். கென்னடியின் சொந்த மாநிலத்தில் கென்னடியிடம் தோற்ற ஒருவரைக் கொண்டுவந்து என்ன செய்ய நினைத்தார்களோ. வெளியுறவு அனுபவத்துக்காக எடுத்தார்கள், ஆனால் எட்டு வருடம் துணை அதிபராக இருந்த நிக்சனிடம் அது ஏற்கெனவே இருந்தது.

இப்போது 1988க்கு வருவோம். பென்ட்சன் சாதாரண ஆள் இல்லை. எதிரில் நின்ற ஜார்ஜ் புஷ்ஷை (அப்பா புஷ்) 1970இல் டெக்சாஸ் செனட் தேர்தலில் தோற்கடித்தவரே இவர்தான். ஜான்சன் ஒரே நாளில் துணை அதிபர், செனட்டர் என இரண்டுக்கும் நிற்க வசதியாக 1959இல் டெக்சாஸ் சட்டத்தை மாற்ற வைத்திருந்தார், கில்லாடி. அந்தச் சட்டத்தைப் பயன்படுத்தி பென்ட்சனும் இரண்டுக்கும் நின்றார். அதனால் நமக்கு ஒரு அருமையான சோதனை கிடைத்துவிட்டது: அதே நாள், அதே வாக்காளர்கள், அதே பெயர். செனட்டுக்கு பென்ட்சன் வாங்கியது சுமார் 31 லட்சம் ஓட்டு. டுகாகிஸ்–பென்ட்சன் ஜோடி வாங்கியது சுமார் 23.5 லட்சம். எங்கள் ஊர் பென்ட்சன் வேண்டும், ஆனால் அவர் கூட்டிக்கொண்டு வரும் ஆள் வேண்டாம் என்று லட்சக்கணக்கான டெக்சாஸ்காரர்கள் ஒரே சீட்டில் இரண்டு விதமாகப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். டெக்சாஸை புஷ் 12 சதவீதத்துக்கு மேல் வித்தியாசத்தில் எடுத்தார்.

புஷ் எடுத்த துணை யார் தெரியுமா? டேன் குவேல். 41 வயது இந்தியானா செனட்டர். வந்த நாளிலிருந்து கேலிக்கு ஆளானவர். விவாத மேடையில் தன் அனுபவத்தைக் கென்னடியின் அனுபவத்தோடு ஒப்பிட்டார், உடனே பென்ட்சன் நிதானமாக, ஜாக் (ஜான்) கென்னடியோடு பணியாற்றியிருக்கிறேன், அவர் என் நண்பர், நீங்கள் ஜாக் கென்னடி இல்லை என்று ஒரு போடு போட்டார். அரங்கம் அதிர்ந்தது. குவேல் முகம் செத்துப்போனது. அப்புறம்? நவம்பரில் புஷ் 40 மாநிலங்களை அள்ளிக்கொண்டு போனார். நல்ல தேர்வு தோற்றது, கேலிக்குள்ளான தேர்வு ஜெயித்தது.

டுகாகிஸ் மேல் மக்களுக்கு இருந்த சந்தேகம் தெற்கு வடக்கு பற்றியதே இல்லை. குற்றம், பாதுகாப்பு விஷயத்தில் இவர் மெத்தனமோ என்பதுதான். அதைத் தீர்க்க ஹெல்மெட் மாட்டிக்கொண்டு பீரங்கி வண்டியில் ஏறிப் போஸ் கொடுத்தார், அந்தப் படமே அவருக்கு எதிரான விளம்பரம் ஆனது. பென்ட்சன் அதற்கு என்ன செய்ய முடியும்? தலைவலிக்கு முழங்கால் தைலம் மாதிரி.

இந்த இடத்தில் சொந்த மாநிலம் என்ற மாயையைப் பற்றி ஒரு வரி. 2000இல் அல் கோர், துணை வேட்பாளர் இல்லை, அதிபர் வேட்பாளரே, தன் சொந்த டென்னசியில் தோற்றார். அந்த 11 கிடைத்திருந்தால் புளோரிடா மறு எண்ணிக்கைச் சண்டையே தேவைப்பட்டிருக்காது. மகன் புஷ்ஷோ துணைக்கு ஆள் தேடும் வேலையை டிக் செனியிடம் ஒப்படைத்து, கடைசியில் தேடியவரையே எடுத்துக்கொண்டார். இருவரும் டெக்சாஸ்வாசிகளாக இருந்தால் டெக்சாஸின் எலக்டர்கள் (எலக்டோரல் ஓட்டைப் போடுபவர்கள்) இருவருக்குமே ஓட்டுப் போட அரசியல் சாசனம் இடம் தராது என்பதால் செனி அவசரமாகத் தன் வாக்காளர் பதிவை 3 எலக்டோரல் ஓட்டு உள்ள வயோமிங்குக்கு மாற்றிக்கொண்டார். மாநிலக் கணக்கு என்றால் இதைவிட மோசமான தேர்வு கிடையாது. ஆனால் வெளியுறவு தெரியாத சின்னப் பையனோ என்று புஷ் மேல் இருந்த சந்தேகத்துக்கு ஒரு முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் பதிலாக இருந்தார்.

2008 இதையே இன்னும் பளிச்சென்று காட்டுகிறது. ஒபாமாவுக்கு செனட்டில் நான்கு வருடம்கூட முடியவில்லை. ஜோ பைடன் அங்கே 1973இலிருந்து இருப்பவர், வெளியுறவுக் குழுத் தலைவர், அவருடைய டெலவேரும் வெறும் 3. யாருக்கும் புல்லரிக்காத தேர்வு. பக்கத்து வீட்டுப் பெரியவரைத் துணைக்கு அழைத்துப் போவது போல.

எதிரில் நின்ற குடியரசுக் கட்சியின் ஜான் மெக்கெய்னின் நிலைமை நேர் எதிர். அனுபவம் ஏராளம், உற்சாகம் இல்லை. அவர் மனதில் இருந்தவர் ஜோ லீபர்மன், 2000இல் கோரின் துணையாக நின்ற அதே ஆள். கட்சி ஒத்துக்கொள்ளாது என்று பயமுறுத்தி, கடைசி நேரத்தில் அலாஸ்கா கவர்னர் சாரா பேலினிடம் போய் நின்றார்கள். கவர்னராகி இரண்டு வருடம்கூட ஆகாதவர், மெக்கெய்னுக்குப் பெரிய பழக்கமும் இல்லாதவர். ஆகஸ்ட் 29இல் அறிவிப்பு. அன்று மெக்கெய்னுக்கு 72ஆவது பிறந்தநாள்.

முதல் இரண்டு வாரம் திருவிழாதான். மாநாட்டுப் பேச்சு தூள் கிளப்பியது, கூட்டம் பொங்கியது, சில கருத்துக்கணிப்புகளில் மெக்கெய்ன் முந்தினார். அப்புறம் தொலைக்காட்சிப் பத்திரிகையாளர் கேட்டி கூரிக் எடுத்த பேட்டி. என்னென்ன பத்திரிகை படிப்பீர்கள் என்ற கேள்விக்கு ஒரு பெயரைக்கூடச் சொல்லாமல் எல்லாமே என்கிற மாதிரி இழுத்தார். அந்தக் காணொளியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நமக்கே கூச்சமாக இருக்கும். ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்தவர்களிடம் நடத்திய கணிப்பில் 60 சதவீதம் பேர் இவர் அதிபராகும் தகுதி இல்லாதவர் என்றார்கள்.

பேலினால்தான் மெக்கெய்ன் தோற்றார் என்று நான் சொல்ல மாட்டேன். செப்டம்பர் 15இல் லீமன் பிரதர்ஸ் வங்கி சரிந்ததும் ஆளுங்கட்சிக்காரர் யார் நின்றிருந்தாலும் கஷ்டம்தான். பேலின் செய்த சேதம் வேறு. ஒபாமாவுக்கு அனுபவமில்லை என்பதுதான் மெக்கெய்ன் கையில் இருந்த ஒரே பெரிய ஆயுதம், பேலினை மேடையேற்றிய அன்றே அதைத் தானே உறையில் போட்டுவிட்டார். ஓய்வுபெற்ற தளபதி காலின் பவல், குடியரசுக் கட்சிக்காரர், ஒபாமாவை ஆதரித்தபோது சொன்ன காரணங்களில் பேலின் தேர்வும் ஒன்று. 1972இல் ஜனநாயகக் கட்சி அதிபர் வேட்பாளர் மெக்கவர்ன் துணையாக எடுத்த ஈகிள்டன், மன அழுத்தத்துக்கு மின்னதிர்ச்சி சிகிச்சை எடுத்தது வெளியே வந்து ஒரு வாரத்துக்குள் விலகினாரே, அங்கேயும் அடி விழுந்தது மெக்கவர்ன் மேல்தான், ஆயிரம் சதவீதம் உன் பக்கம் என்று சொல்லிவிட்டு சில நாளிலேயே மனம் மாறியதற்காக.

டிரம்ப்பை எடுத்துக்கொண்டால் ஒரே வேட்பாளருக்கு இரண்டு தேர்வுகள். 2016இல் மூன்று கல்யாணம் செய்த சூதாட்ட விடுதி முதலாளியைப் பக்தியுள்ள கிறிஸ்தவர்கள் நம்ப வேண்டியிருந்தது, மைக் பென்ஸ் அதற்கான உத்தரவாதச் சீட்டு. 2024இல் டிரம்ப் பற்றி யாருக்கும் புதிதாகத் தெரிந்துகொள்ள எதுவும் இல்லை. அதனால் இந்த முறை துணையாக எடுத்த ஜே.டி. வான்ஸ் மேல் ஆரம்பத்தில் அத்தனை கேலி வந்தும் டிரம்ப்புக்கு ஒன்றும் ஆகவில்லை.

சரி, கமலா. 2020இல் பைடன் அவரைத் துணையாக எடுத்தபோது திருவாரூர் பக்கம் துளசேந்திரபுரத்தில் பேனர் கட்டினார்கள், அவர் ஏற்புரையில் சித்தி என்று ஒரு தமிழ் வார்த்தையைச் சொன்னதற்கு நாம் துள்ளிய துள்ளல் நினைவிருக்கும். அந்தத் தேர்தலில் கலிபோர்னியாக்காரரான அவரால் கட்சிக்குப் புதிதாக ஒரு மாநிலமும் வரவில்லை. ஆனால் 2024 ஜூலையில் பைடன் விலகியதும் வேறு யாரையும் யோசிக்கவே நேரமில்லாமல் அவரே வேட்பாளரானார். 2020 தேர்வு 2024ஐத்தான் தீர்மானித்தது. அவருக்கே துணை தேட இரண்டு வாரம்தான் கிடைத்தது.

அவர் மேல் இருந்த சந்தேகம் என்ன? விலைவாசி, எல்லை, பைடன் ஆட்சியின் தொடர்ச்சிதானே இவர் என்பது. பைடனைவிட எதை வித்தியாசமாகச் செய்திருப்பீர்கள் என்று தொலைக்காட்சியில் கேட்டார்கள், எதுவும் தோன்றவில்லை என்றார். இதற்கு வால்ஸும் மருந்தில்லை, ஷபிரோவும் மருந்தில்லை. வால்ஸ் பரவாயில்லை ரகம். அன்பான அமெரிக்கக் கால்பந்துக் கோச், ஆனால் வான்ஸோடு விவாதத்தில் தடுமாறினார். ஷபிரோ அவரைவிட நல்ல பேச்சாளர், அதை ஒத்துக்கொள்கிறேன்.

கணக்குக்கு வாருங்கள். கமலா வாங்கியது 226. பென்சில்வேனியாவின் 19ஐ அப்படியே தூக்கிக் கொடுத்தாலும் 245. 270க்கு, குறைந்த வித்தியாசத்தில் தோற்ற மிஷிகனின் 15உம் விஸ்கான்சினின் 10உம் கூடவே வர வேண்டும், இவற்றில் ஒரு மாநிலம் நழுவினாலும் இன்னும் பெரிய வித்தியாசத்தில் தோற்ற வேறொரு மாநிலத்தைத் தேட வேண்டும். மிஷிகனில் காசா விவகாரத்தால் டியர்பார்ன் பக்கத்து அரபு அமெரிக்கர்கள் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தார்கள், கல்லூரி வளாகப் போராட்டங்களைக் கடுமையாகச் சாடிய ஷபிரோவைக் காட்டி அவர்களைச் சமாதானப்படுத்தியிருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இன்னொன்றையும் மறந்துவிடுகிறோம். ஆகஸ்ட் 6இல் வால்ஸை அறிமுகப்படுத்திய முதல் கூட்டம் நடந்ததே பிலடெல்பியாவில். அங்கே தொண்டை கிழிய கமலாவுக்காகப் பேசியவர்களில் ஷபிரோவும் ஒருவர், தேர்தல் வரை மாநிலத்துக்குள் பிரசாரமும் செய்தார். சீட்டில் பெயர்தான் இல்லை, ஆள் களத்தில்தான் இருந்தார். அப்படியும் அங்கே விழுந்த பள்ளம் சுமார் 1.2 லட்சம் ஓட்டு.