பிவிவாட்ஸ்: 14.08 என்ற எண்ணை அப்படியே விடாதீர்கள்

கூரையில் சோலார் போட நினைப்பவர்கள் விற்பனையாளரைக் கூப்பிடும் முன் பார்க்க வேண்டிய இணையக் கணிப்பான் பிவிவாட்ஸ் (PVWatts). அமெரிக்க அரசின் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வுக்கூடம் (என்ஆர்இஎல்) உருவாக்கியது. இலவசம், பதிவு செய்ய வேண்டாம், ஃபோன் நம்பரும் கேட்காது. (நம்பர் கேட்கும் கணிப்பான்கள் பெரும்பாலும் ஆள் பிடிக்கத்தான்.) இடத்தைக் கொடுத்தால் அங்கே பதிவான வெயில் அளவை வைத்து, மாதாமாதம் எத்தனை யூனிட் கிடைக்கும் என்று சொல்லிவிடும்.

கவனிக்க வேண்டியது, ஏற்கெனவே நிரப்பி வைத்திருக்கும் பெட்டிகளை. 4 கிலோவாட் பேனல், 20 டிகிரி சாய்வு, காற்றோட்டமான திறந்த சட்டம் என்று இருக்கும். பேனலைக் கூரையோடு ஒட்டிப் பொருத்துவதாக இருந்தால் ‘கூரை மேல்’ என்ற வகைக்கு மாற்றுங்கள். அடியில் காற்று போகாவிட்டால் பேனல் கூடுதலாகச் சூடாகும். சூடேற ஏற உற்பத்தி குறையும். திசைக்கு வடக்கு 0, கிழக்கு 90, தெற்கு 180, மேற்கு 270.

இழப்பு என்ற இடத்தில் 14.08 சதவீதம் இருக்கும். அதைத் திறந்தால் தூசிக்கு 2, நிழலுக்கு 3, வயருக்கு 2, பழுதாகி நிற்கும் நேரத்துக்கு 3, இன்னும் சில இனங்களுக்குக் கொஞ்சம் என்று பிரித்துப் போட்டிருப்பார்கள். இவற்றைக் கூட்டுவதில்லை, ஒவ்வொரு இழப்பும் போக மிஞ்சும் பங்குகளை ஒன்றோடொன்று பெருக்குகிறார்கள். அதனால்தான் 15 வராமல் 14.08 வருகிறது. மரமோ பக்கத்துக் கட்டடமோ மறைக்கும் கூரைக்கு 3 போதாது. நிழலை மட்டும் 10 ஆக்கினால் மொத்த இழப்பு சுமார் 20.3 ஆகிவிடும். பேனலின் வயதுக்கு 0 போட்டிருப்பதால் வரும் விடை புதுப் பேனலுக்கானது. பத்தாம் வருடத்துக்கும் அதையே எதிர்பார்க்கக் கூடாது.

மேம்பட்ட அமைப்புகளில் பேனலுக்கும் இன்வெர்ட்டருக்கும் உள்ள விகிதம் 1.2. அதாவது 6 கிலோவாட் பேனலுக்கு 5 கிலோவாட் இன்வெர்ட்டர். விற்பனையாளர் தரும் மதிப்பீட்டுத் தாளில் இரண்டும் 5 என்றிருந்தால் விகிதத்தை 1 என்று மாற்றுங்கள்.

பெரிய குறை வேறு. எவ்வளவு உற்பத்தியாகும் என்று சொல்லும் இந்தத் தளம், உங்களுக்கு எவ்வளவு தேவை என்று கேட்பதே இல்லை. கூரை வழியாக இறங்கும் வெப்பத்தைத் தடுத்து, பழைய ஏசியை மாற்றினால் 5 கிலோவாட் வேண்டிய வீட்டுக்கு அதைவிடச் சிறியதே போதுமாகலாம். வீட்டுக்காரருக்குத் திட்டம் போட்டுத் தருவதாகச் சொல்லும் எந்தச் சேவையும் முதலில் கேட்க வேண்டியது பன்னிரண்டு மாத பில்லை. இங்கே அந்த வேலை உங்கள் தலையில்.

அதற்கு வழியும் இதிலேயே இருக்கிறது. விடைப் பக்கத்திலிருந்து மணிவாரிக் கோப்பை இறக்கினால் வருடம் முழுவதற்கும் 8,760 வரிசைகள் வரும். ஸ்மார்ட் மீட்டர் உள்ளவர்கள் தங்கள் மணிவாரிப் பயன்பாட்டை அதன் பக்கத்தில் ஒட்டி, இரண்டையும் ஒரே அலகுக்கு மாற்றி, ஒவ்வொரு வரிசையிலும் இரண்டில் சிறிய எண்ணை எடுத்துக் கூட்டுங்கள். வீட்டிலேயே செலவாகும் சோலார் யூனிட் அவ்வளவுதான். மீதி கிரிட்டுக்குப் போகும்.